மூன்று மாத்திரை

சலினா குரூஸ் துறைமுகத்தில் ஏறினான் செலரினோ.
எஞ்சின் அறையில் என்னோடு இரவுக் காவல்.
ஒரு நாள் ஸ்பானர் நழுவிக் கட்டைவிரலில் விழ,
அவன் கத்தியது ஸ்பானிஷ் இல்லை.
முதலுதவிப் பெட்டியைத் திறந்து
இரண்டு மாத்திரை கொடுத்துக் கேட்டேன்,
என்ன பாஷைடா அது?

அயூக் என்றான்.
மிஹே என்பது மற்றவர்கள் கூப்பிடுவது.
அ என்றால் வாய், யூக் என்றால் மலைக்காடு
என்று அவன் பிரித்துக் காட்டினான்.
பாதி புரிந்த இங்கிலீஷில் எனக்கு விழுந்தது:
காட்டின் வாய்.

எங்கள் ஜில்லாவுக்கும் காட்டுப் பேர் உண்டு என்றேன்.
தண்ணியில்லாக் காடு.
தப்புச் செய்த ஆபீசரை அங்கேதான் மாற்றுவார்கள்.
நாங்கள் என்ன தப்புச் செய்தோம்,
அதை யாரும் சொன்னதில்லை.

அவன் மொழியில் உயிருக்கு மூன்று அளவாம்.
குட்டை, நீளம், அதைவிட நீளம்.
இழுப்பு மாறினால் பொருளே மாறிப்போகும்.
தனிஸ்லாஸ் வாத்தியார் வகுப்பு ஞாபகம் வந்தது:
குறில் ஒன்று, நெடில் இரண்டு,
அளபெடை மூன்று மாத்திரை, பரீட்சைக்கு ரெண்டு மார்க்.
அத்தோடு செத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.
முகையூர்க் கரையில் நின்று
மச்சான் வள்ளத்தை ஓஒஒய் என்று கூப்பிட்டதை
இலக்கணம் என்று எவன் நினைத்தான்!

தண்ணீருக்கு அவன் சொல் எங்கள் நகரத்தில் தொடங்கியது.
நான் குதித்தேன்: நீர்! நீங்களும் எங்க ஆளுதான்!
சிரித்தான். மறுபடி மெதுவாகச் சொன்னான்.
நீ இல்லை.
'பாட்டு' என்று முடிக்கும்போது
உதடு குவிக்காமல் விட்டுவிடுகிறோமே,
அந்த அரை உகரத்தைப் பிடித்து
நெடுக இழுத்தால் வருவது.
அதற்கு நம்மிடம் எழுத்தில்லை.
லாக் புத்தகத்தின் பின்னட்டையில் நு எழுதி
தலைமேல் ஒரு கோடு போட்டுவைத்தேன்.
சில சொல்லில் நடு உயிரில் தொண்டையை மூடித் திறப்பான்.
அங்கே ஃ வைத்தேன்.
அது சும்மாதானே கிடக்கிறது.

என் பர்ஸில் சந்தியாகப்பர் படம் பார்த்ததும்
எழுந்து நின்றுவிட்டான்.
அவன் ஊர்க் கோவிலிலும் இவர்தான், இதே வெள்ளைக் குதிரை.
யாரிடமும் தோற்காதவர்கள் என்கிறாயே,
பிறகு இவர் எப்படி வந்தார் என்றேன்.
விரலைக் கட்டிய துணியோடு
இல்லாத டிராம்போனை நீட்டி மடக்கிக் காட்டினான்.
குதிரை அவர்களுடையது. ஊதுகிற மூச்சு எங்களுடையது.
எங்கள் ஊரில் போர்ச்சுகல்காரன் விட்டுப்போன பேரோடு
நான் ஏதும் பேசவில்லை.
என் முழுப் பேர் கஸ்பார் மச்சாது.

இந்த ஆடியில் நான் ஊரில் இருந்தேன்.
கச்சான் காற்று மணலை வாரி
சப்பரத்துத் தோரணத்தில் அடித்தது.
சாயல்குடிப் பேண்டு செட், ஏழு பேர்,
அதில் ஒருவன் கிளாரினெட்டைப் பிடித்து நின்றதோடு சரி.
போனில் பதிவு செய்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில்.
தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு
ஜெனோவா பக்கத்தில் வந்து நின்றாள்.
முதலில் பேண்டு. நாற்பது ஐம்பது பேர் இருக்கும்,
மலை எதிரொலியில் நூறு.
பிறகு அவன் குரல், ஒன்றரை நிமிடம்,
முழுக்க அயூக்.
ஸ்பானிஷ் இல்லை, கப்பல் இங்கிலீஷ் ஒரு சொல் இல்லை.

வாழ்த்துறானா, வையிறானா? என்றாள்.
தெரியவில்லை.
நடுவில் ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.
தண்ணி.
மழை பெய்ததா என்று கேட்டிருக்கலாம்.
கடலுக்கு எப்போது திரும்புகிறாய் என்றிருக்கலாம்.
அவன் ஊரில் ஊற்று வற்றியிருக்கலாம்.

லாரி ஹாரன் கேட்டது.
அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.
நான் போனை வாயருகே வைத்து,
எந்த பாஷையும் கலக்காமல், தமிழில், சொன்னேன்:
வந்திருச்சுடா.
எட்டு நாளைக்கப்புறம் இப்பத்தான் வந்திருச்சு.
சத்தம் கேக்குதா?